மூடாத புத்தகம்

எங்கள் வீட்டில் ஒரு புத்தகம் இருக்கிறது. அதை மூட முடியாது. அட்டையை அழுத்தி மூடினாலும் கையை எடுத்ததும் நாலு விரல் கனத்துக்கு வாயைப் பிளந்துகொள்ளும். செங்கல்லை ஏற்றி வைத்துப் பார்த்தேன். அம்மிக்குழவியை வைத்துப் பார்த்தேன். இருபது வருஷத்துக்கு மேலாகிவிட்டது, மசியவில்லை. வீட்டுக்காரர் இருந்தவரை அதற்கு ஒரே பதில்தான் வைத்திருந்தார். "மூடாத் தண்ணி குடிச்ச புஸ்தகம் எப்படிப் புள்ள மூடும்?"

சுங்கை மூடா கடலில் விழுகிற இடத்தில் இருக்கிறது எங்கள் கோத்தா கோலா மூடா. ஆற்றுக்கு இந்தப் பக்கம் கெடா, அந்தப் பக்கம் பினாங்கு மாநிலம். மலாயில் கோலா என்றால் கழிமுகம், கோத்தா என்றால் கோட்டை, மூடா என்றால் இளசு. இளமையான ஆறு என்று பெயர் வைத்தவர் யாரோ, அதன் வயதை யாரும் அவரிடம் கேட்கவில்லை போலிருக்கிறது. வடக்கே பார்த்தால் ஜெராய் மலை. 1,217 மீட்டர்தான். ஆனால் சுற்றிலும் வயலும் கடலுமாக இருப்பதால் இமயமலை மாதிரி தெரியும். அந்தக் காலத்துக் கப்பல்காரர்கள் இதைக் குறியாக வைத்துத்தான் கரையைக் கண்டார்களாம்.

புத்தகம் அகிலனின் 'வேங்கையின் மைந்தன்'. கடையில் வாங்கியது அன்று. 'கல்கி'யில் தொடராக வந்தபோது வாராவாரம் கிழித்துச் சேர்த்து, கோந்து தடவி, காக்கித் துணியில் முதுகு போட்டுப் பைண்டு செய்தது. இடையிடையே தலைவலித் தைல விளம்பரம், ஒரு பக்கத்தில் பாதி துணுக்கு, ஓரத்தில் பென்சிலால் போட்ட கணக்கு. நாவலைவிட அந்தக் கணக்கைத்தான் நான் அதிகம் படித்திருப்பேன். "அரிசி 4, சீனி 1, மீன் 60 காசு, பாக்கி." எவ்வளவு பாக்கி என்று எழுதாமல் விட்டிருந்தார்.

எழுதியவர் கடைசி வீட்டு மாமா. எங்கள் ரப்பர்த் தோட்டத்து லயத்தில் அவருடையது கடைசி வீடு, அதனால் அந்தப் பெயர். குடியுரிமை இல்லாதவர்களுக்கான சிவப்பு ஐசி வைத்திருந்தார். 1969 கலவரத்துக்குப் பிறகு, குடியுரிமை இல்லாதவர்கள் வேலை செய்ய பெர்மிட் வாங்க வேண்டும் என்றார்கள். எங்கள் தோட்டத்தில் எத்தனையோ பேர் இருபது முப்பது வருஷமாகப் பால்மரம் வெட்டியவர்கள். பாரம் எழுதத் தெரியாது, எழுதியவர்களுக்கும் பதில் வரவில்லை. நாடு முழுக்க ஆயிரக்கணக்கானோர் ஊருக்குக் கப்பல் ஏறினார்கள். மாமா பினாங்கில் ரஜுலா கப்பலில் ஏறினார். போவதற்கு முதல் நாள் ராத்திரி ஒரு தகரப் பெட்டியைத் தலையில் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"இத நாகப்பட்டணம் வரைக்கும் தூக்கிட்டுப் போயி என்ன செய்ய? அங்க இந்தப் புஸ்தகம்லாம் கெடைக்கும். இங்கதான் கெடைக்காது. நீங்க வெச்சிருங்கண்ணே."

அப்பா பெட்டியை வாங்கிக் கீழே வைத்தார். பிறகு இரண்டு பேரும் வாசல்படியில் உட்கார்ந்து வெகுநேரம் பேசாமல் சுருட்டுப் பிடித்தார்கள். எனக்கு அப்போது பதின்மூன்று வயது. அவர் போகிறாரே என்று நான் வருத்தப்படவில்லை. பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்றுதான் மனம் பறந்தது. இன்று அதை நினைத்தால் கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது.

என்ன இருந்தது? மூன்று பைண்டு தொடர்கதை, ஐந்தாறு மு.வ., ஒரு பயனும் இல்லாத சோதிட நூல் ஒன்று, அடியில் பி. இரத்தின நாயகர் ஸன்ஸ் போட்ட பெரிய எழுத்துப் புத்தகங்கள். விக்கிரமாதித்தன் கதை, அல்லி அரசாணி மாலை, நல்லதங்காள். சென்னையில் அச்சாகிக் கப்பல் ஏறி, தோட்டத்துக் கூலிக்காரன் பெட்டிக்குள் பயணம் போன புத்தகங்கள் அவை. எழுத்து ஒவ்வொன்றும் புளியங்கொட்டை அளவு. கண் மங்கியவனும் படிக்கலாம், எழுத்துக்கூட்டிப் படிக்கிறவனும் படிக்கலாம்.

எங்கள் லயத்தில் எழுத்துக்கூட்டக்கூடத் தெரியாதவர்கள்தான் அதிகம். அதனால் படிப்பது என்றால் ஒருவர் படிக்க இருபது பேர் கேட்பது. விடியற்காலை ஆள் கணக்கெடுக்கும் பெரட்டு, பிறகு மரம், பால் பிடிக்கும் மங்கு, வாளி, தோளில் வாளி தூக்கும் காண்டாக் கம்பு, பால் ஸ்டோர். எல்லாம் முடிந்து குளித்துவிட்டு நாலு மணிக்குமேல் எங்கள் வீட்டு முன்வாசல் அஞ்சடியில் கூடுவார்கள். முதலில் பேப்பர். சிங்கப்பூர் 'தமிழ் முரசு' இரண்டு நாள் பழசாக வரும், இல்லாவிட்டால் 'தமிழ் நேசன்'. அப்பா தலைப்பை ஒருமுறை, செய்தியை ஒருமுறை, யாராவது தாமதமாக வந்தால் அவர்களுக்காக மறுபடி ஒருமுறை படிப்பார்.

அப்பாவுக்குப் பேப்பர் வாங்க எங்கிருந்து காசு என்றால், கள்ளுக்காசுதான். 1946-47இல் பீடோங் பக்கம் ஹார்வர்ட் தோட்டத்தில் ஏ.எம். சாமி என்பவர் தொண்டர் படை என்று ஆரம்பித்தார். கள்ளுக்கடையை மூடச் சொல்லிப் போராட்டம். போலீஸ் வந்து அடித்து நொறுக்கியது. அப்பா அப்போது இளந்தாரி, தொண்டர் படையில் சேர்ந்து கோலை ஊன்றிக்கொண்டு நின்றவர். படை கலைந்துபோனது, கள்ளுக்கடை மறுபடி திறந்தது. அப்பா மட்டும் அதன்பிறகு குடிக்கவில்லை. "அந்தக் காசு பேப்பருக்கு" என்பார். அவ்வளவுதான் அவர் சொன்ன போராட்ட வரலாறு. மீதியை நான் வெகு காலம் கழித்துப் புத்தகத்தில் படித்துத்தான் தெரிந்துகொண்டேன்.

பேப்பர் முடிந்தால் பெரிய எழுத்து. நல்லதங்காளைத்தான் பெண்கள் திரும்பத் திரும்பக் கேட்பார்கள். பஞ்சத்தில் அடிபட்டு ஏழு பிள்ளைகளோடு அண்ணன் வீட்டுக்கு வருகிறாள். அண்ணன் இல்லாத நேரம் பார்த்து அண்ணி மூளி அலங்காரி பச்சை விறகைக் கொடுத்து அவமானப்படுத்துகிறாள். கடைசியில் பிள்ளைகளை ஒவ்வொன்றாகக் கிணற்றில் போட்டுவிட்டுத் தானும் விழுகிறாள். எல்லோருக்கும் மனப்பாடமான கதை. ஆனாலும் அப்பா குரலில் கேட்க வேண்டும்.

அந்தக் கிணற்று இடம் வந்தால் அப்பா பக்கத்தைத் தாண்டிவிடுவார். சின்னப் பிள்ளைகள் உட்கார்ந்திருக்கிறோம் என்பதற்காக. நாசூக்காக இரண்டு தாளைச் சேர்த்துப் புரட்டுவார். அம்மாவுக்கு ஒரு எழுத்துத் தெரியாது. அரிசி புடைத்துக்கொண்டே முறத்திலிருந்து கண்ணை எடுக்காமல் சொல்லும்: "ஏங்க, ரெண்டு பக்கத்தத் தாண்டிட்டீங்க."

"புள்ளைங்க இருக்குதுங்க."

"இருக்கட்டும். அவ பெத்ததுங்க ஏழும் போச்சு. அதச் சொல்லாம கத எப்படி முடியும்?"

அம்மா பக்கத்தில் எப்போதும் ஒரு பாட்டி உட்கார்ந்திருக்கும். அதன் புருஷனை ஜப்பான்காரன் சயாம் ரயில் போட லோரியில் ஏற்றிக்கொண்டு போனான். பர்மாவுக்கும் சயாமுக்கும் நடுவே 415 கிலோமீட்டர் தண்டவாளம். 1943 அக்டோபரில் போட்டு முடித்தார்கள், அதற்குள் போன தமிழர்கள் ஆயிரம் ஆயிரமாகச் செத்திருந்தார்கள். அவர் செத்தாரா என்று யாரும் வந்து சொல்லவில்லை. பாட்டி வெகுகாலம் பொட்டை அழிக்காமலே இருந்தது. தன் கதையை அது வாய்திறந்து சொல்லி நான் கேட்டதில்லை. ஆனால் அப்பா அந்த இரண்டு பக்கத்தைத் திருப்பிவந்து படிக்கும்போது முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு குலுங்கும். படித்து முடிந்ததும் மூக்கைச் சிந்திப் போட்டுவிட்டு, "நல்லா படிச்சண்ணே" என்று சொல்லிவிட்டு எழுந்து போய் அடுப்பு மூட்டும்.

மனசு சரியில்லை என்றால் சந்தோஷமான புத்தகமாகப் பார்த்துப் படியுங்கள் என்று இப்போது பத்திரிகைகளில் எழுதுகிறார்கள். எழுதட்டும். அந்தப் பாட்டிக்கு யாராவது நகைச்சுவைத் துணுக்கைப் படித்துக் காட்டியிருந்தால் முறத்தால் அடித்திருக்கும்.

ஆறாம் வகுப்போடு என் பள்ளிக்கூடம் முடிந்தது. தம்பிகளைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். பிறகு எனக்கும் ஒரு நிரை மரம் கொடுத்தார்கள். ராத்திரி பத்து மணிக்கு ஜெனரேட்டரை நிறுத்திவிடுவார்கள். அதன்பிறகு மண்ணெண்ணெய் விளக்குத்தான். காலையில் மூக்கைத் துடைத்தால் கறுப்பாக வரும். அதை வைத்தே அம்மா கண்டுபிடித்துவிடும், நான் எத்தனை மணிவரை படித்தேன் என்று.

எனக்கு வாசிப்பில் ஒரு வாத்தியார் உண்டென்றால் அது எங்கள் கிராணி ஐயாதான். யாழ்ப்பாணத்துக்காரர். தோட்டத்துக் கணக்கு முழுவதும் அவர் கையில். ஆட்கள் அவரைக் கண்டால் ஒதுங்கிப் போவார்கள். எனக்கும் பயம்தான். ஒருநாள் ஆபீஸ் வாசலில் சம்பளத்துக்கு நின்றபோது பழைய பேப்பர் ஒன்றைத் தரையிலிருந்து எடுத்துப் படித்துக்கொண்டிருந்தேன். "என்ன பிள்ளை, வாசிப்பியோ?" என்றார். அன்றிலிருந்து மாதம் ஒரு புத்தகம். அட்டை போட்டுக் கொடுப்பார், அட்டை கசங்காமல் திருப்பித் தர வேண்டும்.

"நீ நிக்கிற மண்தான் பிள்ளை கடாரம்" என்று முதலில் எனக்குச் சொன்னவர் அவர். பட்டினப்பாலையில் காழகம் என்று ஒரு சொல் வருகிறது, அதற்கு உரை எழுதிய நச்சினார்க்கினியர் கடாரம் என்று பொருள் சொல்லியிருக்கிறார் என்பார். 1025இல் ராஜேந்திர சோழன் கப்பல் படை வந்தது, பூஜாங் பள்ளத்தாக்கில் பழைய கோயில் அடித்தளம் எல்லாம் கிடக்கிறது என்பார். வீட்டுக்குப் போய் வேங்கையின் மைந்தனை எடுத்துப் பார்த்தேன். அதே ராஜேந்திரன். ராஜாவின் படை வந்த மண்ணில் நாங்கள் காண்டா சுமந்துகொண்டிருக்கிறோம். பெருமைப்படுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. அதே அகிலன் பின்னால் மலேசியாவுக்கு வந்து பார்த்துவிட்டுப் போய், எங்கள் காண்டாவைப் பற்றியும் 'பால்மரக்காட்டினிலே' என்று எழுதினார். ராஜாவையும் எழுதி எங்களையும் எழுதியவர் என்று அவர்மேல் எனக்குத் தனிப் பிரியம்.

1981 ஜூன் மாதம். யாழ்ப்பாணத்தில் நூலகத்தைக் கொளுத்திவிட்டார்கள் என்று பேப்பரில் வந்தது. 97,000 புத்தகம், ஓலைச்சுவடிகளும் சேர்ந்து சாம்பல். அப்பா சத்தமாகப் படித்தார். கேட்டவர்களுக்கு அது தூரத்துச் செய்தி. நான் இரவல் வாங்கிய புத்தகத்தைக் கொடுக்கிற சாக்கில் ஆபீசுக்குப் போனேன். கிராணி ஐயா செக்ரோல் மேசையில் உட்கார்ந்திருந்தார். ஆள் பேர் பதியும் பழைய செக்ரோல் நோட்டு ஒன்றைத் தலைகீழாகத் திருப்பி, பின்பக்கத்திலிருந்து எழுதிக்கொண்டிருந்தார். 1, 2, 3 என்று எண் போட்டுப் புத்தகப் பெயர்கள். லீவில் ஊருக்குப் போகும்போதெல்லாம், 1959இல் திறந்த அந்த வெள்ளைக் கட்டடத்தில் போய் உட்கார்ந்து படித்தவையாம். ஞாபகம் இருக்கிற வரைக்கும் எழுதிவைக்கிறேன் என்றார்.

"செல்லப்பா எண்டொரு மனுசன், 1933இல, தன்ர வீட்டில வச்சு இரவல் குடுக்கத் தொடங்கினது பிள்ளை. ஒரு வீட்டில தொடங்கினது."

எண் அறுபத்தி ஏதோவில் நின்றுவிட்டது. பேனாவை மூடி வைத்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். நான் கொண்டுபோன புத்தகத்தை நீட்டினேன். "வைச்சிரு" என்றார். "இனி திருப்பித் தர வேண்டாம். எல்லாம் ஒரு இடத்தில இருக்கக்கூடாது."

அந்த வாசகம் மட்டும் எனக்குச் சரியாகப் புரிய இருபத்து மூன்று வருஷம் பிடித்தது.

நடுவில் நடந்ததை வேகமாகச் சொல்லிவிடலாம். கல்யாணம், இரண்டு பிள்ளைகள். தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றார்கள், பால்மரத்தை வெட்டிவிட்டுச் செம்பனை வந்தது. சிலர் சுங்கைப்பட்டாணிக்குப் போனோம். பாக்கார் ஆராங்கில் பேக்டரி வேலை, நைட் ஷிப்ட். பஸ்ஸில் போகும்போது 'வானம்பாடி' படிப்பேன். பிறகு வீட்டுக்காரருக்கு மீன் லோரி ஓட்டும் வேலை கிடைத்ததால் கோத்தா கோலா மூடாவில் வாடகைக்கு ஒரு வீடு. பெட்டியும் கூடவே வந்தது. வீட்டுக்காரருக்குப் படிக்கிற பழக்கம் இல்லை. "இதுல ரெண்டு பெட்டி மீன் வெச்சா காசாவது வரும்" என்பார். ஆனால் ஒவ்வொரு வீடு மாறும்போதும் பெட்டியைத் தூக்கியது அவர்தான்.

அவர் வேலை பெரும்பாலும் ஆற்றுக்கு அந்தப் பக்கம், பெனாகாவில். அங்கே பாசார் பிசேக் என்று ஒரு மீன் சந்தை. பிசேக் என்றால் கிசுகிசுப்பது. படகு வந்ததும் மீனைக் கூடையில் கொட்டுவார்கள். ஏலம் கூவுவது கிடையாது. வாங்குகிறவன் ஒவ்வொருவனாக வந்து விற்கிறவன் காதில் விலையைக் கிசுகிசுத்துவிட்டுப் போவான். எல்லோரும் சொன்ன பிறகு அதிக விலை சொன்னவனிடம் மீன் போகும். எவன் எவ்வளவு சொன்னான் என்பது காதுக்காரனுக்கு மட்டும்தான் தெரியும். முதல்முறை கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். அத்தனை பேர் நிற்கிற சந்தையில் அவ்வளவு அமைதி. நான் சிரித்துவிட்டேன், எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. லோரிக்கு லீவு. காலை ஒன்பது மணிக்குச் சற்று முன்னால் சுமத்ராவுக்கு அந்தப் பக்கம் கடலுக்கடியில் நிலம் பிளந்திருக்கிறது. எங்களுக்கு ஒன்றும் தெரியாது. சுமத்ரா தீவே எங்களுக்குச் சுவர், மேற்கேயிருந்து எதுவும் வராது என்றுதான் இந்தக் கரையில் எல்லோரும் நினைத்திருந்தோம். மத்தியானம் மீன் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. பக்கத்து வீட்டு மலாய்க்காரம்மா, மக்சீக் என்றுதான் கூப்பிடுவோம், வேலிக்கு அந்தப்புறமிருந்து கத்தினாள். "ஆயாக் நாயெக்! ஆயாக் நாயெக்!" மற்ற ஊர் மலாய்க்காரர்கள் தண்ணீரை ஆயேர் என்பார்கள், கெடாக்காரர்களுக்கு அது ஆயாக். தண்ணீர் ஏறுகிறது. ஆற்று வெள்ளம் என்று நினைத்து அடுப்பை அணைத்தேன். திரும்பினால் வாசலில் கறுப்பாக ஒரு சுவர் நகர்ந்து வருகிறது. தண்ணீர் மாதிரியே இல்லை. சேறும் பலகையும் படகும் சேர்ந்த ஒன்று. அவர் என் கையைப் பிடித்து இழுத்தார். ஓடினோம்.

பெட்டியின் நினைவே எனக்கு வரவில்லை. புத்தகம் புத்தகம் என்று உயிரைவிட்டவள், உயிருக்கு ஓடும்போது ஒரு தாளைக்கூட நினைக்கவில்லை. இதையும் எழுதத்தான் வேண்டும்.

அந்தச் சுனாமியில் நாட்டில் 68 பேர் போனார்கள். கெடாவில் எங்கள் ஊர்ப் பக்கம்தான் அடி அதிகம். உடைந்த படகுகளை அடுக்கி அப்புறம் ஒரு நினைவுச் சின்னம் கட்டினார்கள். வெளியூர்க்காரர்கள் அதன் முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொள்வார்கள். நான் அந்தப் பக்கம் போனால் படகில் எழுதியிருக்கும் எண்ணைத்தான் படிப்பேன். பழக்கம், எங்கே எழுத்தைக் கண்டாலும் கண் போய்விடும்.

இரண்டு நாள் கழித்து வீட்டுக்கு வந்தோம். சுவரில் என் நெஞ்சு உயரத்துக்குச் சேற்றுக் கோடு. பெட்டி கட்டிலுக்கடியிலிருந்து நகர்ந்து குசினி வாசலில் கவிழ்ந்து கிடந்தது. நாற்றம், இறால் அழுகின மாதிரி. திறந்து பார்த்தால் பெரிய எழுத்து எல்லாம் கூழ். நல்லதங்காள் ஏழு பிள்ளைகளோடு இன்னொரு முறை தண்ணீரில் போய்விட்டாள். கிராணி ஐயா கொடுத்தது முதல் பாதி இல்லை. எல்லாம் ஒரு இடத்தில் இருக்கக்கூடாது என்றாரே, அப்போதுதான் புரிந்தது.

உட்கார்ந்து அழுதேன். வீட்டுச் சாமான் போனதற்கு அழாதவள் இதற்கு அழுகிறாளே என்று அவர் ஒன்றும் சொல்லவில்லை. வெளியே போய் அறுந்து கிடந்த மீன் வலைக் கயிற்றை எடுத்துவந்து இரண்டு தென்னைக்கு நடுவில் கட்டினார். மிஞ்சியதை எல்லாம் துணி மாதிரி கொடியில் போட்டோம். ஒட்டிக்கொண்ட தாள்களைத் தென்னை ஈர்க்குச்சியைவிட்டுப் பிரிக்க வேண்டும். அவசரப்பட்டால் எழுத்து எதிர்ப்பக்கத்தில் ஒட்டிக்கொண்டு வந்துவிடும். மக்சீக் வந்து பார்த்தாள். அவள் வீடும் போயிருந்தது.

"கித்தாப் சுச்சி கா?" என்று கேட்டாள். வேத புத்தகமா?

இல்லை, கதைப் புத்தகம் என்றேன். அவள் நம்பவில்லை என்று நினைக்கிறேன். குடத்திலிருந்த நல்ல தண்ணீரில், அன்றைக்கு நல்ல தண்ணீர் என்ன விலை என்று எங்களுக்குத்தான் தெரியும், கையைக் கழுவிக்கொண்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து ஈர்க்குச்சியை வாங்கிக்கொண்டாள். சாயங்காலம்வரை இரண்டு பேரும் தாள் பிரித்தோம். அவளுக்குத் தமிழ் தெரியாது, பக்கம் தலைகீழாக இருந்தால் மட்டும் நான் திருப்பிவைத்தேன். வேங்கையின் மைந்தனில் நடுவே ஒரு பத்துப் பதினைந்து வாரம் கரைந்து போயிருந்தது. மற்றது பிழைத்தது. மூடாமல்.

பல வருஷம் கழித்து வீட்டுக்காரருக்கு இனிப்பு நீர் முற்றிக் கிட்னி போனது. கண்ணும் மங்கிவிட்டது. வாரம் மூன்று நாள் டயாலிசிஸ், ஒரு தடவைக்கு நாலு மணி நேரம். நாற்காலியில் சாய்த்துவிட்டுக் குழாயை மாட்டிவிட்டால் அசையக்கூடாது. முதல் மாதம் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தோம். சண்டைகூடப் போட்டோம். ஒருநாள் அவரே சொன்னார், "அந்த மூடாத புஸ்தகத்தக் கொண்டா. அப்படி என்னதான் இருக்குன்னு பாப்போம்."

சுற்றிலும் ஆட்கள் தூங்குவார்கள், சத்தமாகப் படிக்க முடியாது. குனிந்து காதோரமாகப் படித்தேன். அவர் உதட்டோரம் சிரிப்பு வந்தது. "பாசார் பிசேக்" என்றார். பக்கத்து நாற்காலிச் சீனத் தாத்தா கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்: "பெராப்பா சாத்து கீலோ?" கிலோ எவ்வளவு? குழாய் மாட்டிய கையோடு மூன்று பேரும் சிரித்தோம். நர்ஸ் வந்து அதட்டினாள்.

கரைந்துபோன வாரங்கள் வந்தபோது நிறுத்தினேன். "மேல என்ன?" என்றார். தண்ணியில போச்சு என்றேன். "உனக்குத்தான் தெரியுமே, சொல்லு." எனக்குப் பாதிதான் ஞாபகம். மீதியை நானே கட்டிச் சொன்னேன். பாண்டிய நாட்டிலிருந்து ஆட்களைக் கொண்டுவந்தேன், ஒரு கப்பலை மூடா ஆற்றுக்குள்ளேயே கொண்டுவந்தேன். அகிலன் மன்னிக்க வேண்டும். அதுதான் கதையிலேயே நல்ல இடம் என்றார் வீட்டுக்காரர்.

அது முடிந்ததும் வேறென்ன இருக்கிறது என்று கேட்டார். ரெ. கார்த்திகேசு எழுதிய 'அந்திம காலம்' இருந்தது. சாவை எதிரே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஒரு மனிதரின் கதை. வேண்டாம் என்று பெட்டிக்கடியில் தள்ளினேன். ஆனால் எழுதியவர் பீடோங்கில் பிறந்தவர் என்று எப்போதோ நான் சொன்னதை ஞாபகம் வைத்திருந்தார். "நம்ம ஊரு ஆளு எழுதினதா? அதப் படி." படித்தேன். நோவும் பயமும் வருகிற இடங்களில் என் கை தானாக இரண்டு தாளைச் சேர்த்துப் புரட்டியது.

கண் தெரியாத மனுஷன். தாள் சத்தத்தை வைத்துக் கண்டுபிடித்தார். "உங்கப்பன் மாதிரி தாண்டாத புள்ள."

திருப்பிவந்து படித்தேன். அவர் அழவில்லை, நான்தான் இரண்டு இடத்தில் நிறுத்தினேன். முடித்ததும், "பரவால்ல, இப்படித்தானா" என்றார். என்ன இப்படித்தானா என்று நான் கேட்கவில்லை. அன்றைக்கு வீட்டுக்கு வரும் வழியில் மணிக்கூண்டுப் பக்கம் நிறுத்தச் சொல்லி ரொட்டி சானாய் சாப்பிட்டார், டாக்டர் வேண்டாம் என்று சொன்னதை.

2019 கடைசியில் போய்விட்டார். அடுத்த மார்ச் 18இல் கொரோனாவால் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தது. பிள்ளைகள் கோலாலம்பூரிலும் ஜொகூரிலும், மாநிலம் தாண்ட முடியாது. பத்துக் கிலோமீட்டருக்குமேல் போகக்கூடாது, வீட்டுக்கு ஒருவர்தான் கடைக்குப் போகலாம். எங்கள் வீட்டில் இருந்ததே ஒருவர்தான். பகல் எப்படியோ போகும். நாலு மணி ஆனால் என்ன செய்வதென்று தெரியாது. அவ்வளவு வருஷமும் படிப்பை என் தனிச் சொத்து என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கேட்க ஒரு காது இல்லாமல் எனக்குப் பத்துப் பக்கம் தாண்டவில்லை.

பின்வாசலில் முக்காலியைப் போட்டுச் சத்தமாகப் படிக்க ஆரம்பித்தேன். பூனைக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்றாம் நாள் வேலிக்கு அந்தப்புறமிருந்து, எங்கள் வீட்டுக்குப் பின்னால் புதிதாகக் குடிவந்த ஒரு தமிழ்ப் பிள்ளையின் குரல். கைக்குழந்தைக்காரி, புருஷன் சிங்கப்பூரில் மாட்டிக்கொண்டிருந்தான். "அக்கா, கொஞ்சம் சத்தமா படிங்க. நேத்து விட்ட எடத்துலேருந்து."

இப்போது நாலு பேர் வருகிறார்கள், செவ்வாயும் வெள்ளியும். ஒருத்தி தமிழ்ப் பள்ளி ஆசிரியை, என் உச்சரிப்பைத் திருத்துகிறாள். இப்போது படித்துக்கொண்டிருப்பது சீ. முத்துசாமியின் 'மண்புழுக்கள்'. சுங்கைப்பட்டாணிக்காரர், 2017இல் தமிழ்நாட்டில் விஷ்ணுபுரம் விருது வாங்கினாரே, அவர்தான். தோட்டத்துக் கதை. நடுவில் யாராவது, "இது எங்க பாட்டி வீடு மாதிரியே இருக்கு" என்று ஆரம்பித்தால் அன்றைக்கு அரை அத்தியாயம்தான் நகரும்.

வேங்கையின் மைந்தன் புதுப் பதிப்பு வாங்கித் தருகிறேன் என்று மகள் சொன்னாள். வேண்டாம் என்றுவிட்டேன். கரைந்த இடத்தில் அகிலன் உண்மையில் என்ன எழுதியிருந்தார் என்று தெரிந்துகொள்ள எனக்கு அவசரமில்லை. மூடா ஆற்றுக்குள் வந்த அந்தக் கப்பல் அங்கேயே நிற்கட்டும்.

ஆனால் மற்ற புத்தகங்களுக்கு இடம் இருக்கிறது. கெடாவில் தமிழ் படித்த தாத்தாக்கள் பாட்டிகள் போய்க்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் பெட்டியை என்ன செய்வதென்று பேரப்பிள்ளைகளுக்குத் தெரியவில்லை. "சூராட் காபார் லாமா" என்று ஸ்பீக்கரில் கூவிக்கொண்டு பழைய பேப்பர் லோரி வரும்போது நிறுத்திக் கிலோ கணக்கில் போட்டுவிடுகிறார்கள். போன மாதம் எங்கள் தெருவிலேயே ஒரு பெட்டி போனது, எனக்குத் தெரிந்தபோது லோரி போய்விட்டது. உங்கள் வீட்டிலும் அப்படி ஒன்று இருந்தால், பக்கத்தில் படிக்கிறவர் யார் என்று ஒரு வார்த்தை விசாரித்துப் பாருங்கள். எங்கள் பக்கம் லோரி சனிக்கிழமை காலை பத்து மணிக்கு வருகிறது. அதற்கு முன்னால் விசாரியுங்கள்.